ஒரு கையால் ஆடிய ஆட்டம்

தடுப்பூசி போடப் போன இடத்தில் "பாப்பாவோட அம்மா, உள்ள வாங்க" என்றார்கள். எழுந்து போய்விட்டேன். திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது, யாராவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு நாளாகிறது! வீட்டிலும் "அம்மாகிட்ட போறியா?" என்பதுதான் பேச்சு. நானே என்னைப் பற்றி "அம்மா இதோ வந்துடுவாளாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிறேன். (இந்த வரியை எழுதாமல் ஒரு தாய் எதையும் புலம்ப முடியாது என்பதே தனி எரிச்சல்.)

நேரமில்லாததுதான் கோளாறு என்று முதலில் நினைத்தேன். பச்சிளம் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும், முறைக்கு அரை மணி என்று வைத்தாலே 4 முதல் 6 மணி நேரம் போய்விடும், ஏப்பம் விட வைப்பதும் துணி மாற்றுவதும் தூங்க வைப்பதும் அதற்கு மேல். ஆனால் போன வாரம் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பும்போது "ஒரு மணி நேரம் உன் இஷ்டம்" என்றார். எனக்கு என்ன இஷ்டம் என்றே தெரியவில்லை. கொஞ்சம் துணி மடித்தேன். அப்புறம் உட்கார்ந்து போனில் அவள் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுக்கணக்கான படங்கள். ஒன்றில் என் முழங்கை இருக்கிறது.

பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், அதற்கு மேலும் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கு அது இல்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். இது வேறு. டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1970களிலேயே இதற்கு 'மேட்ரசென்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார், ஒரு பெண் தாயாக மாறும் பருவம், விடலைப் பருவம் மாதிரி. முதல் முறை தாயானவர்களின் மூளையைக் கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு ஒன்று 2016இல் வந்தது. மூளையின் சில பகுதிகளில் நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பொருளின் அளவு குறைந்திருந்தது, இரண்டு வருடமாவது அப்படியே இருந்தது, ஆனால் நினைவாற்றல் குறையவில்லை என்றார்கள். (மூடியைப் போடாமலே பால் பாட்டிலைக் குலுக்கிய எனக்கு இதை நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான்.)

"கவலைப்படாதே, பழையபடி ஆயிடுவ" என்கிறார்கள். மீசை முளைக்கும் பையனிடம் போய் யாராவது "பழையபடி ஏழு வயசுக்குத் திரும்பிடுவ" என்று சொல்வார்களா?

இப்போது ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் போனில் செஸ் ஆடுகிறேன். முன்பு ஓரளவு நன்றாகவே ஆடுவேன். எதிரில் ஆடுபவருக்கு நான் யாருடைய அம்மா என்று தெரியாது, தெரிந்தாலும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. நேற்று ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுத்துத் தோற்றேன். அப்படி ஒரு கோபம்! தூக்கம் கெட்டதற்கோ யாரோ சொன்ன புத்திமதிக்கோ வந்த கோபமில்லை, முழுக்க முழுக்க அந்த ராணிக்காக. குனிந்து பார்த்தால் அவள் மடியிலேயே தூங்கிப் போயிருந்தாள். தொட்டிலில் போட்டிருக்கலாம். போடவில்லை, இன்னொரு ஆட்டம் ஆடினேன்.