தேரையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்

அண்ணன் மகள் லீவுக்கு வந்தால் எங்கள் சமையலறையில் கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் பாடகர் பேட் பன்னியின் பாட்டுதான் ஓடும். ரெகேடோன் என்கிற அந்த நடனப் பாட்டு வகை என் காதில் ஒரே தாளத்தை மாவரைக்கிற மாதிரி விழும். போன வாரம், "இதுல பாட்டு கம்மிதான், பாருங்க சித்தப்பா" என்று ஒரு குறும்படத்தைப் போட்டாள். ஒரு கிழவர், பக்கத்தில் ஒரு தேரை. இரண்டு பேரும் பழைய கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

நமக்குத் தேரை என்றால் தேங்காய்தான் ஞாபகம் வரும். இது போர்ட்டோ ரிக்கோவின் சப்போ கோஞ்சோ, அந்தத் தீவுக்கே உரிய ஒரே தேரை. கண்ணுக்கு மேல் முகடு, மேல்நோக்கி வளைந்த மூக்கு. தெற்கே குவானிக்காவின் வறண்ட காட்டில், பெருமழை பெய்து குட்டை நிரம்பினால்தான் முட்டையிடும். அதில் முக்கியமான குட்டை ஒன்று கடலை ஒட்டியே இருக்கிறது. கடல் ஏறினால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். 2025 ஜனவரியில் வந்த பேட் பன்னியின் 'தெபி திரார் மாஸ் ஃபோத்தோஸ்' ஆல்பத்துக்கு இந்தத் தேரைதான் முகம். 'இன்னும் நிறைய போட்டோ எடுத்திருக்கணும்' என்று அர்த்தம். அட்டையில் வாழைகளுக்கு முன்னால் இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி. ஆள் இல்லை.

அப்புறம் நானே தேடிப் பார்த்தது அவருடைய 'எல் அபகோன்' பாட்டு. நம் பாஷையில் கரண்ட் கட். 2017 செப்டம்பரில் மரியா புயல் அடித்த பிறகு தீவு முழுக்கக் கரண்ட் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதம் ஆனது. 2022-ல் வந்த இந்தப் பாட்டின் வீடியோவில் பாட்டு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. மீதியெல்லாம் பியாங்கா கிராவ்லாவ் என்ற பத்திரிகையாளரின் செய்தித் தொகுப்பு. அடைபடும் கடற்கரை, வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்லப்படும் குடும்பங்கள் என்று போகிறது. வீடியோ வந்து இரண்டே நாளில் ஃபியோனா புயல். தீவு மறுபடி இருட்டு.

அங்கே பிளேனா என்று ஒரு பழைய பாட்டு வகை உண்டு. சலங்கை இல்லாத கஞ்சிரா மாதிரி ஒரு வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு ஊர்ச் செய்தியைப் பாடுவார்கள். 'பாடும் செய்தித்தாள்' என்றே அதற்குப் பெயர். புயல் பாட்டு அதில் ஏற்கெனவே இருக்கிறது: புயல் வருகிறது, ஊர் பயப்படுகிறது. இப்போதைய பாட்டு புயல் போன பிறகு ஆரம்பிக்கிறது. கரண்ட் ஏன் இன்னும் வரவில்லை, பீச்சுக்குப் போகிற வழியில் வேலி போட்டது யார்? எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். 'பூமியைக் காப்போம்' ரகப் பாட்டுகள் வந்தால் நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன்.

இன்னொரு கூத்து. கரும்பைத் தின்னும் புழுக்களை ஒழிக்க வெளியிலிருந்து கொண்டுவந்த பெரிய தேரை ஒன்று, அங்கே கோஞ்சோவின் இடத்துக்குப் போட்டியாகிவிட்டது. 1932-ல் அதைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள், 1935-ல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு. அந்த 2025 ஆல்பத்தில், வெளியாட்கள் வந்து நிலத்தைப் பிடித்துக்கொண்ட ஹவாய்க்கு நேர்ந்தது எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு பாட்டு வருகிறது. தேரை விஷயத்தில் ஹவாய்க்கு நேர்ந்ததே போர்ட்டோ ரிக்கோவால்தானே என்று அண்ணன் மகளிடம் சொல்லி வைத்தேன்.

"சித்தப்பா, சும்மா பாட்டைக் கேளுங்க" என்றாள்.