டாப் ரேட்டுக்கு முன்னால் நான்கு வருஷம் இருக்கிறது

போன வாரம் சித்தி மகன் கூப்பிட்டான். கிடங்கு வேலையை விட்டுவிட்டு யுபிஎஸ் என்ற அமெரிக்கப் பார்சல் கம்பெனியில் டிரைவராகச் சேரப் போகிறானாம். "அண்ணா, வருஷத்துக்கு 1,70,000 டாலராமே, நீ ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்றான். அந்தப் பழுப்பு வண்டியைத்தான் நான் 2018-லிருந்து ஓட்டுகிறேன். ஒரு மணி நேரம் பேசியும் அவனுக்குப் பாதிதான் புரிந்தது. அவனைப் போலவே கேட்கிற நாலைந்து பேர் எனக்குத் தெரிந்தே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த 1,70,000. 2023 ஆகஸ்டில் கம்பெனியின் தலைமை அதிகாரி கேரல் டோமே சொன்ன எண் அது. எங்கள் யூனியனோடு போட்ட ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியும்போது முழுநேர டிரைவர் ஒருவருக்குச் சராசரியாக இவ்வளவு ஆகும் என்றார். அதில் சம்பளத்தோடு மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் சேர்ந்திருக்கின்றன. காப்பீட்டுக்கு நாங்கள் மாதப் பணம் எதுவும் கட்டுவதில்லை, அது சின்ன விஷயம் இல்லைதான், ஆனால் வெள்ளிக்கிழமை வங்கிக் கணக்கில் வந்து விழுகிற பணமும் இல்லை. செய்திகளில் தலைப்பு மட்டும் ஓடியது, 'முடியும்போது' என்ற சொல்லும் 'சேர்த்து' என்ற சொல்லும் காணாமல் போயின.

சரி, மணிக்கூலிக்கு வருவோம். புதிதாக முழுநேர டிரைவராக வருகிறவருக்குத் தொடக்கம் 23 டாலர். அங்கிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு படி. 48 மாதம் முடிந்தால்தான் டாப் ரேட், அதாவது உச்ச மணிக்கூலி. நடுவில் உள்ள படிகள் ஒப்பந்தத்தில் எழுதி வைத்த எண்கள். முதல் படிகள் சின்னவை, கடைசிப் படிதான் பெரிய தாவல். டாப் ரேட் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், இன்றைய கணக்குக்கு 45 என்றே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 40 மணி, வருஷத்துக்கு 2,080 மணி. பக்கத்து வண்டியில் அதே பெட்டிகளை அதே வெயிலில் இறக்குகிற சீனியருக்கும் உனக்கும் முதல் வருஷத்தில் மட்டும் 45,760 டாலர் வித்தியாசம். ஓவர்டைம் ஒன்றரை மடங்கு என்பதால் அதைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும். இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஆண்டு உயர்வு என்பது வேறு கணக்கு, பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2023 ஒப்பந்தத்தில் மணிக்கு மொத்தம் 7.50 டாலர். முதல் வருஷமே 2.75, அடுத்த இரண்டு வருஷம் முக்கால் முக்கால் டாலர், 2026-ல் ஒரு டாலர், 2027-ல் 2.25. ஏற்கெனவே மேலே நிற்கிறவருக்கு இது ஒவ்வொரு ஆகஸ்டிலும் வந்து சேரும். அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு சேர்கிறவருக்கு வழி அந்தப் படிகள்தான். கடைசிப் படியில் கால் வைக்கும் நாளில் டாப் ரேட் எங்கே இருக்கிறதோ அது அப்போது கிடைக்கும். அதனால் 'யூனியன் இவ்வளவு உயர்வு வாங்கிக் கொடுத்தது' என்று படிக்கும்போது, அது யாருக்கு, எந்தப் படியில் நிற்கிறவருக்கு என்று கேட்க வேண்டும்.

நான் யூனியனைக் குறை சொல்லவில்லை. இதற்கு முன்னால் ஒரு சின்ன ஒப்பந்தக்காரரிடம் மூன்று வருஷம் வண்டி ஓட்டினேன். சேர்ந்த அன்று பேசிய கூலியும் விட்டு வந்த அன்று வாங்கிய கூலியும் ஒன்றுதான். உயர்வு கேட்டால் 'அடுத்த மாதம் பார்க்கலாம்'. படி என்றாலே என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. இங்கே தேதி வந்தால் கூலி ஏறுகிறது, மேலாளருக்கு உன்னைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். டாப் ரேட் வந்த முதல் வாரம், வண்டியை நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து போனில் சம்பளச் சீட்டைத் திறந்தேன். மணிக்கூலி வரியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றவில்லை, அதனால் திரை இரண்டு முறை நழுவியது. அப்புறம் மனைவிக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன், ஒரு வார்த்தைகூட எழுதாமல்.

ஆனாலும் இந்த ஏணியின் நீளம் என்னை உறுத்துகிறது. முன்பு மூன்று வருஷமாக இருந்தது 2013 ஒப்பந்தத்தில் நான்கானது. 2018-ல் இன்னும் மோசம், '22.4' என்று ஒரு புது வகை டிரைவரைக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தத்தின் 22-வது பிரிவு, 4-வது உட்பிரிவு, அதுதான் பெயரே. அதே தெரு, அதே பெட்டி, ஆனால் அவர்களுடைய உச்சக் கூலியே எங்களுடையதைவிடக் குறைவு. வாக்களித்தவர்களில் பெரும்பான்மை வேண்டாம் என்று சொல்லியும், பாதிப் பேருக்குக் குறைவாக வாக்களித்தால் நிராகரிக்க வெறும் பெரும்பான்மை போதாது என்ற பழைய விதியைக் காட்டி அந்த ஒப்பந்தம் நிறைவேறியது. அந்த விதியை யூனியனின் 2021 மாநாட்டில் நீக்கினார்கள். 2023-ல் 22.4 வகையே ஒழிந்தது, ஒப்பந்தம் 86.3 சதவீத வாக்கில் நிறைவேறியது. என் பக்கத்து ரூட்டில் ஓட்டிய பையன் அன்று காலை வண்டி ஏற்றும்போது என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வாக்குச் சீட்டைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான். கூலியில் வகை பிரிப்பதும், பிரித்ததைச் சேர்ப்பதும் அந்தக் காகிதத்தில்தான் நடக்கிறது.

சேரப் போகிறவர்கள் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுநேர டிரைவராக உங்கள் சீனியாரிட்டி தொடங்கும் நாள் எது என்று ஸ்டூவர்டிடம் (வேலையிடத்தில் இருக்கும் யூனியன் பிரதிநிதி) கேட்டு எழுதி வையுங்கள். பலர் அதிகாலையில் பெட்டி ஏற்றும் பகுதிநேர வேலையில்தான் நுழைகிறார்கள், அதற்கு 21 டாலர். அந்த மாதங்கள் டிரைவரின் 48 மாதத்தில் சேராது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதிக்கு அடுத்த சம்பளச் சீட்டைக் கண்டிப்பாகப் பாருங்கள், கூலி ஏறவில்லை என்றால் அன்றே ஸ்டூவர்டிடம் சொல்லி கிரீவன்ஸ், அதாவது முறையான புகார், எழுதுங்கள், தானாகச் சரியாகும் என்று விட வேண்டாம். யூனியன் சந்தா மாதத்துக்கு இரண்டரை மணி நேரக் கூலி, கூலி ஏறினால் அதுவும் ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள். முதல் இரண்டு வருஷம் 23 டாலர் அளவில் குடும்பம் நடத்த முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அங்கேதான் நிறையப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஒப்பந்தம் 2028 ஜூலை 31-ல் முடிகிறது. அடுத்ததில் எனக்கு ஆண்டு உயர்வு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, படிகளை மறுபடி மூன்று வருஷமாக்க வேண்டும் என்று கூட்டத்தில் கை தூக்கிச் சொல்லப் போகிறேன். டாப் ரேட் வாங்குகிறவர்கள்தான் இதைக் கேட்க வேண்டும், புதுப் பையன்களுக்கு அந்த அறையில் இன்னும் குரல் வரவில்லை.

தம்பிக்கு நேற்று ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்பினேன். நேர்முகத்தில் கேட்கச் சொல்லி: எடுப்பது டிரைவர் வேலைக்கா, பெட்டி ஏற்றவா? பதில் வாங்கிக்கொண்டு ராத்திரி கூப்பிடுகிறேன் என்றிருக்கிறான்.