டிக்கெட் 499, தண்ணீர் 60: ஒத்தக்கடை ராக் கச்சேரிக்குப் போய்வந்தேன்

நேற்று ராத்திரி ஒரு மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி பஸ் ஏறினேன், வீடு வந்து படுத்தும் தூக்கம் பிடிக்கவில்லை, காதுக்குள் பறை அடித்துக்கொண்டே இருக்கிறது. எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். அது எந்த அளவுக்கு நடக்கும் என்று தெரியவில்லை.

மதுரையை ஒட்டிய ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்த மாதிரி ஒரு திறந்த மைதானம். அக்னி நட்சத்திர வெயிலில், நாலு துணைக் குழுக்கள், கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய ராக் குழு. நான் சீக்கிரமே வந்து, மலையடிவாரத்தில் கி.பி. 770-இல் பாண்டியரின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் பக்கம் மரத்தடியில் மதியத்தைக் கழித்தேன். கூட்டத்தில் பாதிப்பேர் நாலு மணிக்கே வெயிலில் வரிசையில் நின்றார்கள்.

கேட்டில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிட்டார்கள். சரி, உள்ளே குடிக்கத் தண்ணீர் வைத்திருப்பார்கள் என்று பார்த்தால், வெளியே 20 ரூபாய்க்கு விற்கும் பாட்டில் உள்ளே 60. ரெண்டு வாங்கினேன். மே மாத மதுரையில், நிழல் இல்லாத பொட்டலில் இப்படிச் செய்வது அநியாயம். என் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி உட்கார்ந்த பிறகுதான் யாரோ ஒரு குடம் கொண்டுவந்து வைத்தார்கள்.

முதலில் ஏறிய கல்லூரிப் பையன்கள் பாவம். சூட்டில் கிதார் கம்பி நீண்டு தளரும், சுருதி இறங்கும். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் திரும்பிச் சுருதி கூட்டிக்கொண்டே இருந்தார்கள், ஆனாலும் விடாமல் வாசித்தார்கள். ரெண்டாவது குழு சுமார்தான்.

மூணாவதாக வந்தவர்கள்தான் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஒரு டிரம் செட், ஒரு பேஸ் கிதார், ரெண்டு பறை. ஏறுவதற்கு முன்னால் மேடைக்குப் பின்பக்கம் பனை ஓலையைக் கொளுத்திப் பறையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பி வேலி வழியாகப் பார்த்துக்கொண்டே, "ஏண்ணே, இந்த வெயில் பத்தாதா?" என்றேன். "வேர்வையும் சாயங்காலக் காத்தும் பட்டா தோலு இறங்கிரும் தம்பி" என்றவர், விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தீயில் காட்டினார். அரை மணி நேரமாக சூட்டில் இறங்கிய கிதாரோடு மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, இங்கே அதே சூட்டை வைத்துச் சுருதி ஏற்றுவதைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

பறைக்காரர்களுக்கு இடது கையில் மெல்லிய சிண்டுக்குச்சி, வலது கையில் அடிக்குச்சி. டிரம்ஸ்காரர் நாலு எண்ண, இவர்கள் அதற்குள் மூணு மூணாக நுழைய, பேஸ் அடியில் உறும, மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. ஒரு இடத்தில் எல்லோரும் சட்டென்று நிறுத்தினார்கள். மைதானம் கப்சிப். கடைசி அடி யானைமலைப் பாறையில் மோதி, ஒன்றரை விநாடி கழித்துத் திரும்பி வந்தது. ஒலியின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மலை கால் கிலோமீட்டர் தூரத்தில் இருந்திருக்கும். அந்த எதிரொலி வந்த நொடியில் மறுபடி ஆரம்பித்தார்கள் பாருங்கள், புல்லரித்துவிட்டது. கொடுத்த 499-ம் அங்கேயே தீர்ந்தது.

அப்புறம் வந்த கோபத்தையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் "செக், செக்". ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது, கச்சேரி நடத்துகிறவர்களுக்கு அது தெரியாதா? பெரிய குழு ஏறும்போது 9.15. முக்கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டார்கள். அவர்களுக்காகவே கோயம்புத்தூரிலிருந்து வந்த பையன் ஒருவன் அழாத குறை.

வெளியே வந்தால் மாட்டுத்தாவணிக்கு ஆட்டோ 400 ரூபாய். போகும்போது மேலூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் சில்லறைக் காசில் போன தூரம்! "அண்ணே, நாலு பேரா வர்றோம், தலைக்கு நூறு" என்று முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில் கறி தோசை. கனமாக ஊற்றிய மாவு, மேலே முட்டை, அதன் மேல் மிளகு தூக்கலாகக் கொத்துக்கறி, திருப்பிப் போட்டதும் ஓரமெல்லாம் முறுகி நெய் கொப்பளித்தது. 140 ரூபாய். அதற்கு மட்டும் பேரம் பேசத் தோன்றவில்லை.

சாப்பிட்டுவிட்டு நடந்தால், சிவகங்கை பஸ் நிற்கும் இடத்தில் அந்தப் பறைக்காரர்கள், துணிப்பையில் பறையோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அந்த அண்ணன் பறையை எடுத்து என் கையில் கொடுத்தார். தோல் குளிர்ந்திருந்தது, தட்டினேன், தொம்மென்றது. "நாளைக்கு ஒரு திருவிழா இருக்கு, காலையில மறுபடி காய்ச்சணும்" என்றார்.