45-ஆம் நாள் ஊசி, 84-ஆம் நாளில்

என் மகள் பிறந்தது 2020 பிப்ரவரி 12, புதன்கிழமை. காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி மூன்றையும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். அடுத்தது ஆறு வாரத்தில், 45-ஆம் நாள் ஊசி என்று சொல்வோமே, அது. தடுப்பூசி அட்டையில் மார்ச் 25 என்று எழுதியிருந்தது. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதும் அதே நாளில்தான்.

தஞ்சாவூர் பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். கணவர் சென்னையில் மாட்டிக்கொண்டார். முதல் இரண்டு வாரம், கொஞ்சம் அடங்கட்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம்தான் பயம் பிடித்துக்கொண்டது. ராத்திரி பால் கொடுக்கும்போதெல்லாம் அட்டையை எடுத்துப் பார்ப்பேன். நாள் தவறிப்போச்சே, இனிமேல் போட்டாலும் பலிக்குமா? வெளியே தூக்கிப்போனால் கொரோனா. போகாவிட்டால் கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான்.

அம்மாவுக்கு வேறு கவலை. "ஊசி போட்டா காய்ச்சல் வரும்டி. இந்த நேரத்துல காய்ச்சல்னா பிள்ளைய எங்கயாவது கொண்டுபோய் வச்சிருவாங்க." என்னால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குள்ளும் அதே பயம் இருந்தது.

ஏப்ரல் கடைசியில் எங்கள் நர்ஸம்மாவுக்கு, அதாவது கிராம சுகாதார செவிலியருக்கு, போன் செய்தேன். வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு திண்ணையில் உட்கார்ந்து பேசினார். "தள்ளிப்போனா முதல்லேருந்து ஆரம்பிக்க வேண்டாம்மா. விட்ட இடத்துலேருந்து போட்டுக்கலாம். இந்த ஊசிக்கும் அடுத்ததுக்கும் நாலு வாரம் இடைவெளி இருந்தா போதும். ஆனா இன்னும் தள்ளாத. காய்ச்சல் வந்தா ஒண்ணு ரெண்டு நாள்ல விட்டுரும், விடலன்னா எனக்கு போன் பண்ணு." போனை வைத்ததும் அழுதுவிட்டேன். ஒரு மாதமாக யாரிடமும் கேட்காமல் நானே மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்த கேள்வி அது.

மே 6, புதன். கூட்டம் சேரக்கூடாது என்று ஆளுக்கொரு நேரம் சொல்லியிருந்தார், எனக்குப் பத்தரை. துணை சுகாதார நிலைய வாசலில் சுண்ணாம்பு வட்டங்கள். ஊரடங்கில் மருந்து சரியான குளிரில் வந்திருக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குளிர்பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். அதில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம். "உள்ள இருக்கற சதுரம் வெளி வட்டத்தைவிட வெளுப்பா இருந்தா மருந்து நல்லாருக்கு. சூடு பட்டா அது கறுத்துக்கிட்டே வரும்." சதுரம் வெள்ளையாகவே இருந்தது. இதை ஒவ்வொரு அம்மாவுக்கும் பிரசவ வார்டிலேயே காட்டினால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்!

இடது தொடையில் ஐந்து நோய்களுக்கான பென்டா, வலது கையில் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டும். வீறிட்டு அழுதாள். அரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுத்தேன், தூங்கிவிட்டாள்.

அன்று ராத்திரி உடம்பு சுட்டது. எடை பார்த்து எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமால் சொட்டு கொடுத்தோம். அம்மா விடியவிடிய நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டுவிட்டது.

அடுத்த தவணை ஜூன் 3, அதற்கடுத்தது ஜூலை 1. இரண்டு நாளும் காலையில் அட்டையைத் தேடி எடுத்துப் பையில் வைத்தது அம்மாதான்.