கேள்

மார்ச் 3

மனநல முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். "ஏன் சேர விரும்புகிறீர்கள்?" என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டேன்.

மார்ச் 7

முதல் நாள். ஓட்டுநர், முடிதிருத்துபவர், இரண்டு ஆசிரியைகள், ஓய்வுபெற்ற காவலர் என்று மொத்தம் இருபத்திரண்டு பேர். யாரும் மருத்துவர் இல்லை. யாரையும் மருத்துவராக்குவது நோக்கமும் இல்லை என்று பயிற்றுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். அடிபட்டவருக்குக் கட்டுப்போடத் தெரிந்த நூறு பேர் இருக்கும் இடத்தில், மனம் உடைந்து நிற்பவரிடம் என்ன பேசுவது என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லையே என்ற எண்ணத்தில்தான் பெட்டி கிச்சனர், அந்தோனி ஜோர்ம் என்ற தம்பதியர் 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மனநல முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கினார்களாம். பேரிடர்களில் உதவுவோருக்காக உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேடு முழுவதையும் மூன்று சொற்களில் அடக்கிவிடலாம் என்று பலகையில் எழுதினார்: பார், கேள், இணை.

நடுச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செவி கொடுப்பதற்கும் வினவுவதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான். நான் இரண்டையும் செய்யவில்லை.

மார்ச் 8

நடித்துப் பார்க்கும் பயிற்சி. வேலையை இழந்தவராக முடிதிருத்துபவர் என் எதிரில் உட்கார்ந்தார். "வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், எல்லாம் சரியாகிவிடும், மனதைத் தளரவிடாதீர்கள், உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் வரிசையாக அடுக்கிவிட்டேன். கடிகாரத்தோடு நின்ற பயிற்றுநர், "நாற்பது நொடியில் மூன்று அறிவுரை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு முடிதிருத்துபவர் என்னைத் தேடி வந்து, நடிப்புதான் என்றாலும் மூன்றாவது அறிவுரைக்குப் பிறகு தமக்குப் பேசத் தோன்றவில்லை என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

மார்ச் 10

படிக்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மார்ச் 14

இன்று அந்தக் கேள்வி. "தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" என்பதைச் சுற்றி வளைக்காமல் ஒவ்வொருவரும் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "தவறான முடிவு எதுவும் எடுத்துவிட மாட்டீர்களே?" என்றார் ஓட்டுநர். பயிற்றுநர் உடனே நிறுத்தினார். அப்படிக் கேட்டால் "இல்லை" என்ற பதிலைத்தான் நாம் கெஞ்சி வாங்குகிறோம்; தவிர, அவருடைய வேதனைக்கு முன்கூட்டியே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்கும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. மறைத்து வைத்திருந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்ததாகவே பலர் உணர்கிறார்கள் என்றார்.

என் முறை வந்தபோது வாய் வரவில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே கொலை இருக்கிறது. அதை ஒருவரிடம் சொல்வது குற்றம் சாட்டுவதைப் போலிருந்தது. ஆறாவது முறைதான் முழு வாக்கியமும் வந்தது. அன்று இதைக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் நான் கேட்டது: "சாப்பிட்டாயா?" அவன் சொன்னது: "ஆயிற்று அக்கா."

மார்ச் 15

மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் தமக்குக் கேட்கின்றன என்பவரிடம் வாதிடவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. கேட்பதாக அவர் சொல்வது அவருக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்பதை மட்டும் பேச வேண்டும். வாசலை மறித்து நிற்கக் கூடாது. இதைத் தமக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது சொல்லித் தந்திருக்கலாம் என்று காவலர் முணுமுணுத்தார்.

மார்ச் 19

தூக்கம் இல்லை. ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருவர் மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாததால் வராமலே இறந்துபோனார். 2006இல் ஹராரேயில் பதினான்கு பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனம் துவண்டு வருபவர்களின் பேச்சைக் கேட்க மர பெஞ்சுகளில் உட்கார வைத்தார் அவர். அளவுக்கு மீறி யோசிப்பது என்ற பொருளில் மக்கள் பேச்சில் இருந்த சொல்லையே அந்தப் பாட்டிகள் நோய்க்கும் பெயராக வைத்துக்கொண்டார்கள்.

அங்கே தூரம் ஒரு பேருந்துப் பயணம். இங்கே பதினோரு படிகள்.

மார்ச் 21

கடைசி நாள், மூன்றாவது சொல். உதவி கிடைக்கும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுசேர்ப்பதை ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். பழைய ஆற்றுப்படைகளில் வழி சொல்பவன் அந்த வழியில் போய்ப் பரிசு பெற்றுத் திரும்பியவன். நான் எங்கும் போய்த் திரும்பியவள் அல்ல என்பதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், பதில் சொல்லவில்லை. அவருக்கு நன்றாகக் கைவந்துவிட்டது.

ரகசியம் காப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிர் ஆபத்தில் இருந்தால் மூன்றாமவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் 22

சான்றிதழில் என் பெயரைத் தப்பாக அச்சிட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 2

கேட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்டேன். "ஆமாம்" என்றாள்.

ஏப்ரல் 3

நேற்று எழுத முடியவில்லை. "ஆமாம்" என்றதற்குப் பிறகு அவளும் நானும் வெகுநேரம் பேசவில்லை. உள்ளே அறிவுரைகள் முட்டி மோதின, ஒன்றையும் வெளியே விடவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டேன். எப்படி என்று திட்டம் இருக்கிறதா, அதற்கானது கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அவள் சம்மதத்தோடு அதை அப்புறப்படுத்தினேன். தனியே விடவில்லை. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றபோது, அந்த வாக்கை என்னால் தர முடியாது, யாரிடம் சொல்வது என்பதை நீயே தேர்ந்தெடு என்றேன். அவள் தன் அண்ணனின் பெயரைச் சொன்னாள். மருத்துவமனையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அந்த மூன்று மணி நேரமும் அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ஏப்ரல் 5

அழைப்பு இல்லை.

ஏப்ரல் 6

அழைப்பு இல்லை. கோபமாக இருக்கிறாள் என்று அண்ணன் சொன்னார். கோபப்படட்டும். கோபப்பட அவள் இருக்கிறாள்.

ஏப்ரல் 9

நாளை 4 மணிக்கு மருத்துவர் மறுபடி பார்க்கிறார். நான் வரலாமாம், ஆனால் உள்ளே வரக் கூடாது, வெளியே பெஞ்சில்தான் இருக்க வேண்டும், எதுவும் கேட்கவும் கூடாதாம். சரி என்று பதில் அனுப்பினேன்.