மழையில் நனைந்த மூன்று மூட்டைச் சாம்பல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சாம்பல் புதிதல்ல. பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலையில் பழத்தின் நாரையும் ஓட்டையும் போட்டுத்தான் பாய்லரை எரிப்பார்கள். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு கேட்டபோது, அந்தச் சாம்பலில் கரியமில வாயுவைப் பிடித்துக் கல்லாக்கி வைப்பது என்று எழுதிக் கொடுத்தேன். பாதிப் பருவம் வீணாய்ப் போனது. இதே தலைப்பை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காவது நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்பின் மேல் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது வற்றினால் மேலே கெட்டியாக ஏடு கட்டிவிடும். காற்றிலுள்ள கரியமில வாயு கால்சியம் ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிவிட்டது, அவ்வளவுதான். ஈப்போ கல்லுமலை முருகன் கோயில் மலையும் அதே பொருள்தான். சாம்பலில் இருக்கும் கால்சியமும் கொஞ்சம் மெக்னீசியமும் இதே வேலையைச் செய்யும். பாறைக் கனிமங்களில் இப்படிச் சேமிக்கலாம் என்று 1990இல் சைஃப்ரிட்ஸ் என்பவர் நேச்சர் இதழில் எழுதினார். முன்னுரையில் அதற்கு மேல் வரலாறு எழுதிப் பக்கம் நிரப்ப வேண்டாம்.

ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடந்த சாம்பலில் மூன்று மூட்டை அள்ளி வந்தேன். வாயுவைச் செலுத்தினேன், எடை ஏறவே இல்லை. கருவியில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் குழாய்களை மாற்றிக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது, பாய்லரில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு மாமாதான் சிரித்தார். "மழை பட்ட சாம்பல்ல என்னத்தப் பாப்பா பாக்கப் போற? சாரமெல்லாம் தண்ணியோட போயிருக்கும். ராத்திரி ஷிஃப்டுக்கு அப்பாவோட வா, சூடா வாரித் தரேன்." வெளியே கிடந்த சாம்பல் காற்றையும் மழையையும் வாங்கி, என் ஆய்வை எனக்கு முன்பே செய்து முடித்திருந்தது! அன்றிரவு வாங்கிய சாம்பலை ஆறவைத்து, இறுக மூடும் மைலோ டின்னில் கொண்டுபோனேன். அதுதான் வேலை செய்தது.

ஈரம் அடுத்த சிக்கல். காய்ந்த சாம்பல் வாயுவோடு சேராது. கூழாகக் கரைத்தாலும் துளைகளைத் தண்ணீர் அடைத்துக்கொள்ள, வாயு மெதுவாகத்தான் உள்ளே போகும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் தண்ணீர் கசியாது என்ற பதம் எனக்குச் சரியாக வந்தது. கொழுக்கட்டை மாவு பிசையத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். எடையை மட்டும் சோதனைக்கு முன்னும் பின்னும் 105 டிகிரியில் உலர்த்திவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் தண்ணீரின் எடையைக் கரியமில வாயு என்று எழுதிவிடுவீர்கள்.

இன்னும் மோசமாக ஏமாந்தது, சூடேற்றிக்கொண்டே எடை குறைவதை அளக்கும் டிஜிஏ கருவியில். சுமார் 600 முதல் 800 டிகிரி வரை குறையும் எடை கார்பனேட் உடைந்து வெளியேறும் வாயு என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் பாய்லர் சாம்பலில் எரியாத கரி நிறைய இருக்கும். காற்றை விட்டுச் சூடாக்கினால் அந்தக் கரியும் எரிந்து எடை குறையும். எனக்கு முதலில் வந்த அழகான எண் பெரும்பாலும் கரிதான். நைட்ரஜனில் ஓட்டுங்கள், வாயு செலுத்தாத சாம்பலையும் கூடவே ஓட்டிக் கழியுங்கள். சந்தேகம் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, பொங்கும் வாயுவை அளந்து பாருங்கள். கரி பொங்காது.

காரத்தில் இளஞ்சிவப்பாகும் ஃபீனால்ஃப்தலீனைச் சொட்டு விட்டு, அந்த நிறம் மறைந்தால் முடிந்தது என்பதையும் நம்ப வேண்டாம். செம்பனைச் சாம்பலில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் கார்பனேட் கரைசலும் காரம்தான், அதனால் நிறம் போகாது. அது தண்ணீரில் கரைந்து ஓடிவிடும் உப்பு என்பதால், நிலையான சேமிப்புக் கணக்கிலும் அதைச் சேர்க்காதீர்கள்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே கணக்குதான். 56 கிராம் கால்சியம் ஆக்சைடு 44 கிராம் வாயுவைப் பிடிக்கும். ஒரு கிலோ உலர்ந்த நாரில் பாதி கார்பன் என்று வைத்தால், எரியும்போது 1,800 கிராமுக்கு மேல் வாயு வரும். சாம்பல் 50 கிராம், அதில் கால்சியம் ஆக்சைடு 8 சதவீதம் என்றால் 4 கிராம். அது பிடிப்பது அதிகபட்சம் 3 கிராம் சொச்சம். "1,800க்கு 3, இதற்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டார்கள். இதற்குத் தயாராக இருந்தேன். மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் என்பதால் அந்த 3 கிராம் உண்மையிலேயே காற்றில் குறைகிறது, எப்படியும் கொட்டப்போகும் குப்பையில்தான் அதைச் செய்கிறோம் என்றேன். தலையாட்டினார்கள்.

அடுத்த கேள்வியில்தான் விழுந்தேன். "அந்தச் சாம்பலை அப்புறம் என்ன செய்வாய்?" தோட்டத்துக்கே உரமாகப் போடுவோம் என்று பெருமையாகச் சொன்னேன். "தோட்டத்து மண் அமிலமா, காரமா?" அமிலம். அமிலத்தில் கார்பனேட் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்கவேயில்லை. ஆய்வகத்தில் சொட்டு விட்டுப் பொங்கவைத்துப் பார்த்தவள் நான்தானே. செங்கல்லில் கலப்போம் என்று சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது.