தாம் மேலாளர் அல்லர் என்று எழுதிக் கொடுத்தவர்

என்னுடன் பல ஆண்டுகள் பணியாற்றிய மேலாளர் ஒருவரின் பதவி இறக்கத்தைப் பற்றியும், அதைத் தொடர்ந்து அவர் வேலை இழந்ததைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். விவகாரம் முடிந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டதாலும், எழுதிக்கொள்ள அவரே சம்மதித்ததாலும் இப்போது எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

எழுத்தராகச் சேர்ந்து 22 ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். அதில் கடைசி 13 ஆண்டுகள் கிளை மேலாளர். ஒரு மாலை அவர் மேசைக்கு வந்த கடிதத்தில் இருந்தவை மூன்றே வாக்கியங்கள். நிர்வாகக் காரணங்களுக்காக அவருடைய பதவி ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று மாற்றியமைக்கப்படுகிறது; அடிப்படை ஊதியம் 52,000 ரூபாயிலிருந்து 39,000 ரூபாயாகத் திருத்தப்படுகிறது; இவை உடனடியாக நடைமுறைக்கு வருகின்றன. குற்றச்சாட்டு என்று எதுவும் இல்லை, விளக்கம் கேட்டு முன்னதாக மெமோவும் தரப்படவில்லை. எத்தனையோ பேரிடம் இப்படிப்பட்ட கடிதங்களைக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கிய பழக்கத்தில், அவரும் நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘எதிர்ப்புடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் போதும் என்று பின்னர் வழக்கறிஞர் சொன்னபோது, அந்த ஒரு சொல் தமக்குத் தோன்றவே இல்லையே என்று அவர் வருந்தியது எனக்கு நினைவிருக்கிறது. மறுப்பு எதுவும் எழுதாமல் புதிய பதவியில் வேலையைத் தொடர்ந்தால், மாற்றத்தை ஊழியர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று பின்னால் வாதிட நிர்வாகத்துக்கு வசதியாகிவிடும்.

அடுத்த நான்கு மாதங்கள் அவர் கணினியில் பட்டியல்களைப் பதிவு செய்யும் வேலையைச் செய்தார். அவரிடம் வேலை கற்ற ஒருவர் அவருடைய பழைய அறைக்கு வந்து அமர்ந்தார். பிறகு மனிதவளத் துறையிலிருந்து அழைத்து ராஜினாமா கடிதம் கேட்டார்கள், அவர் மறுத்தார். நியமனக் கடிதத்தின் ஒரு நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, ஒரு மாத ஊதியத்தை வங்கிக் கணக்கில் செலுத்தி, அன்றைக்கே வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள்.

வழக்கறிஞரிடம் அவரை அழைத்துச் சென்றது நான்தான். அநீதி நடந்திருக்கிறது, எனவே நீதிமன்றம் போனால் வேலை திரும்பக் கிடைக்கும் என்ற அளவில்தான் எங்கள் இருவருடைய சட்ட அறிவும் இருந்தது. வழக்கறிஞர் அம்மையார் பதவி இறக்கக் கடிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். பிறகு அவர் கேட்ட கேள்விகள் எங்களுக்கு விசித்திரமாகப் பட்டன. “உங்கள் கிளையில் யாருக்காவது லீவு வேண்டுமென்றால் கடைசியாக அனுமதிப்பது யார் சார்? ஒருவரை வேலைக்கு எடுக்கவோ நீக்கவோ உங்களால் முடியுமா? காசோலையில் உங்கள் கையெழுத்து மட்டும் செல்லுமா?”

இந்தக் கேள்விகளின் காரணத்தை அவர் பொறுமையாக விளக்கினார். அப்போது நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், அதன் 2(எஸ்) பிரிவில் சொல்லப்பட்ட ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவரை மட்டுமே காக்கிறது. உடல் உழைப்பு, தொழில்நுட்பம், இயக்கப் பணி, எழுத்தர் பணி, மேற்பார்வை ஆகியவற்றைச் செய்வோர் அதற்குள் வருவார்கள். முதன்மையாக நிர்வாகத் தன்மையுள்ள வேலை செய்பவர் வரமாட்டார். மேற்பார்வையாளர் என்றால் மாத ஊதியம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஆனால் எழுத்தர், தொழில்நுட்பப் பணிகளுக்கு அப்படி எந்த ஊதிய வரம்பும் கிடையாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு அளித்துவிடுவதால், வேலைநீக்கத்தை எதிர்த்து அதன் 41-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யும் வழியும் மேலாளருக்கு அடைபடுகிறது.

எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். அங்கே 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தணிப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒருவர் மற்றவருக்குச் செய்யும் தனிப்பட்ட பணிக்கான ஒப்பந்தத்தை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு காக்கும் அரசு ஊழியர், தொழில் சட்டங்களின் கீழ் வரும் தொழிலாளர், சட்டத்தால் நிறுவப்பட்ட அமைப்பு தன் சட்டக் கடமையை மீறி நீக்கிய ஊழியர் ஆகிய மூவகையினர் மட்டுமே இதற்கு விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் வைஷ் பட்டக் கல்லூரி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனியார் நிறுவன மேலாளர் இந்த மூன்றிலும் இல்லை. அவருக்குக் கிடைக்கக்கூடியது இழப்பீடு மட்டுமே. அதுவும் பெரும்பாலும் அறிவிப்புக் காலத்துக்கான ஊதியத்தோடு நின்றுவிடும். அந்த ஒரு மாத ஊதியம்தான் ஏற்கெனவே வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டதே!

“ஆகவே நீங்கள் மேலாளர் இல்லை என்று நாம் நிரூபிக்க வேண்டும் சார்” என்றார் அவர்.

எங்கள் மேலாளரின் முகம் அப்போது மாறியதை நான் கவனித்தேன். கடிதம் வந்த நாளில்கூட அவர் அப்படிச் சுருங்கிப் போகவில்லை. தம்மை மேலாளர் பதவியிலிருந்து இறக்கியது தவறு என்று சொல்லத்தான் அவர் அந்த அறைக்கு வந்திருந்தார்; தாம் ஒருநாளும் மேலாளராக இருந்ததே இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். மறுவாரம் அவராகவே என்னை அழைத்து, “தம்பி, அந்த லீவு ரிஜிஸ்டர் நகல் என்னிடம் இருக்கிறது” என்றார்.

அந்தப் பதிவேட்டின் நகலை நாங்கள் மூவரும் ஒரு மேசையில் விரித்து வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு வரியிலும் அவருடைய அழகான சாய்வுக் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, எல்லா வரிகளிலும், ‘பரிந்துரைக்கப்படுகிறது’ என்ற முத்திரை. ‘அனுமதிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் தலைமையகத்திலிருந்து வந்த வேறொருவரின் சுருக்கொப்பம். 13 ஆண்டுகளில் ஒரே ஒரு நாள் விடுப்பைக்கூட அவர் தாமாக அனுமதித்திருக்கவில்லை. ஆள் எடுத்ததும் நீக்கியதும் தலைமையகம். செலவுச் சீட்டுகளும் அங்கே போய்த்தான் திரும்பின. நாள்தோறும் அவர் செய்தது கணக்குச் சரிபார்ப்பும் கடிதப் போக்குவரத்தும்தான். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல், ஒருவர் முதன்மையாகச் செய்யும் வேலையின் தன்மை என்ன என்பதையே பார்க்க வேண்டும் என்று 1985-இல் அற்கல் கோவிந்த ராஜ ராவ் எதிர் சீபா கெய்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை வழக்கறிஞர் சொன்னார். ஆனால் தொழிலாளர் என்று கோருபவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பதிவேடு எங்களுக்கு அவ்வளவு முக்கியமாயிற்று.

இதில் நிர்வாகம் தனக்குத்தானே தேடிக்கொண்ட சிக்கல் ஒன்று இருந்தது. வேலையிலிருந்து நீக்கும்போது அவர் செய்துகொண்டிருந்தது பட்டியல் பதிவு, அதாவது சுத்தமான எழுத்தர் வேலை. அவரைச் சிறுமைப்படுத்துவதற்காகக் கொடுத்த நாற்காலியே அவரைச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் உட்கார வைத்துவிட்டது. பதவி இறக்கத்தை மட்டும் எதிர்த்துத் தனி ஒருவர் தகராறு எழுப்ப முடியாது. அந்தத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 2ஏ பிரிவு வேலைநீக்கம், ஆட்குறைப்பு போன்று பணி முடிவுக்கு வரும் நிகழ்வுகளுக்கே பொருந்தும், மற்றவற்றுக்குத் தொழிற்சங்கமோ சக தொழிலாளர்களோ முன்வர வேண்டும். அவரை ஒருங்கிணைப்பாளராகவே விட்டுவைத்திருந்தால் அவரால் அசைந்திருக்கவே முடியாது. அவசரப்பட்டு நீக்கியதால்தான் வழி திறந்தது. தொழிலாளர் என்று ஆகிவிட்டால், தண்டனையாக அன்றி வேறு எந்தக் காரணத்துக்காகப் பணியை முடித்தாலும் அது பொதுவாக ஆட்குறைப்பே என்று 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கூறிய விரிந்த பொருள் பொருந்தும். 25எஃப் பிரிவின்படி ஒரு மாத அறிவிப்போ அதற்கான ஊதியமோ போக, முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை அப்போதே கொடுத்திருக்க வேண்டும். 22 ஆண்டுகளுக்கு 330 நாள். அதைக் கொடுக்கவில்லை என்றால் நீக்கம் செல்லாது.

இவ்வளவு பேசியும் நாங்கள் கவனிக்காமல் இருந்த ஒன்றை வழக்கறிஞர் காகிதத்தில் கணக்கிட்டுக் காட்டினார். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வழங்கல் சட்டம் மேலாளர், எழுத்தர் என்று பிரிப்பதில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றிய எவருக்கும், ராஜினாமா செய்தவருக்கும்கூட அது உண்டு. ஆனால் அந்தக் கணக்கு கடைசியாகப் பெற்ற ஊதியத்தை வைத்து நடக்கிறது: அடிப்படை ஊதியம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அவருக்குப் பஞ்சப்படி தனியாக இல்லை. 52,000 என்றால் ஆண்டுக்கு 30,000, மொத்தம் 6,60,000 ரூபாய். 39,000 என்றால் ஆண்டுக்கு 22,500, மொத்தம் 4,95,000. வெறும் நான்கு மாதங்கள் குறைந்த ஊதியத்தில் உட்கார வைத்ததால், அதற்கு முந்தைய 22 ஆண்டுகளுக்குமான பணிக்கொடையில் 1,65,000 ரூபாய் கரைந்துபோகிறது. உடல் ஊனமுற்றுக் குறைந்த ஊதியத்துக்கு மாறியவருக்கு மட்டும், முந்தைய காலத்தை முந்தைய ஊதியத்தில் கணக்கிடச் சட்டம் வழி செய்திருக்கிறது. பதவி இறக்கப்பட்டவரை அது நினைக்கவில்லை. என்னைக் கேட்டால், முழு விவகாரத்திலும் மிகக் கொடிய பகுதி இதுதான். அவமானமாவது கண்ணுக்குத் தெரிகிறது, இந்த இழப்பு தெரிவதே இல்லை.

தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் கொடுப்பதற்கான மனு தயாரானது. ‘மனுதாரர் பெயரளவில் மட்டுமே மேலாளர்’ என்று தொடங்கிய ஏழாவது பத்தியை அவர் பலமுறை படித்தார். ‘பெயரளவில்’ என்ற சொல்லை மாற்ற முடியுமா என்று கேட்டார். அந்தச் சொல்தான் மனுவே என்று வழக்கறிஞர் சொன்னதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். நிர்வாகத்தின் பதிலுரையோ அவர் மேலாளராக இருந்த சிறப்பைப் புகழ்ந்து தள்ளியது: முழு அதிகாரம் உடையவர், கிளையின் தலைவர், முடிவுகளை எடுத்தவர். பதவிக்குத் தகுதியற்றவர் என்று கருதி இறக்கியவர்களே அப்படி எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு, “22 வருஷத்தில் என்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதியது இப்போதுதான் தம்பி” என்று அவர் சிரித்தார்.

சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் கடந்தால் நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்ற நிலை இருந்ததும், லீவு பதிவேட்டின் நகலை அலுவலர் முன் வைத்ததும் சேர்ந்து நிர்வாகத்தை அசைத்தன. நான்காவது அமர்வில் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் ஒப்பந்தம் ஆயிற்று. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவரும் அதைக் கேட்பதை நிறுத்தியிருந்தார். பதவி இறக்கக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது, பணிக்கொடை பழைய ஊதியத்தில் கணக்கிடப்பட்டது, 330 நாளுக்குச் சற்றுக் குறைவான தொகை தனியாகத் தரப்பட்டது.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் 2020-இன் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. மேற்பார்வையாளருக்கான ஊதிய வரம்பு அதில் 18,000 ரூபாய். நிர்வாகத் தன்மையுள்ள வேலை செய்பவர் அதிலும் வெளியேதான் நிற்கிறார். எனவே மேலாளர் என்ற பட்டத்தோடு இருப்பவர்கள், தாங்கள் எதை அனுமதிக்கிறார்கள், எதைப் பரிந்துரை மட்டும் செய்கிறார்கள் என்பதைக் காட்டும் காகிதங்களைப் பத்திரப்படுத்துவது நல்லது.

ஒப்பந்தத்தில் அவர் தாமாகச் சேர்க்கச் சொன்ன நிபந்தனை ஒன்று உண்டு: பணிச் சான்றிதழில் பதவி என்ற இடத்தில் ‘மேலாளர்’ என்று இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பில் வந்திருந்தவர் இதற்கு மட்டும் யாரையும் தொலைபேசியில் கேட்காமல் உடனே தலையசைத்தார். சான்றிதழ் வந்த அன்று அதன் நான்கு நகல்களை எடுத்து, ஒன்றை எனக்கும் கொடுத்தார்.